சின்ன அலைக்குப் பெரிய எச்சரிக்கை ஏன்? நீரோடி முதல் வர்க்கலை வரை அலை முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

ஏப்ரல், மே மாதங்களில் குமரி மாவட்டச் செய்திகளில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும்: நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கள்ளக்கடல் (காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரெனக் கரையேறும் கடல்) எச்சரிக்கை, ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை அலை எழும்பலாம், யாரும் கடலில் இறங்க வேண்டாம். ஆனி, ஆடியில் இதே கரைக்கு மூன்று மீட்டர் என்று அறிவிப்பு வரும்போது கடப்புறத்தில் யாரும் பெரிதாக அதிர்ச்சி அடைவதில்லை. அப்படியென்றால் ஒன்றரை மீட்டருக்கு ஏன் இத்தனை பதற்றம்?

இதே குழப்பம் சர்ஃபிங் எனும் அலைச்சறுக்கு பழகுகிறவர்களுக்கும் உண்டு. மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்திலிருந்து சனி ஞாயிறுகளில் கோவளத்துக்கும் வர்க்கலைக்கும் போகிற இளைஞர்கள் கைபேசியில் 1.2 மீட்டர் என்று பார்த்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். ஒரு வாரம் வரிசை வரிசையாக நல்ல அலை. அடுத்த வாரம் அதே 1.2 மீட்டருக்கு வெறும் நுரையும் கலங்கலும்தான்.

இரண்டுக்கும் காரணம் ஒன்று: உயரத்தை மட்டும் பார்ப்பது. முன்னறிவிப்பில் முதலில் கண்ணில் படுவது உயரம். தனியாக எடுத்தால் மிகக் குறைவாகச் சொல்வதும் அந்த எண்தான். அதோடு பீரியட் (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான விநாடிகள்), திசை, காற்று, தரை என்ற நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் கரையில் என்ன நடக்கும் என்று தெரியும்.

உயரம் என்று போட்டிருப்பது எது?

இன்காய்ஸ் என்று சொல்லப்படும் ஐதராபாத்தின் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமாக இருந்தாலும், வின்டி போன்ற ஆப்களாக இருந்தாலும், அவை தரும் அலை உயரத்தில் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

1. அது சராசரி அலையும் இல்லை, மிகப் பெரிய அலையும் இல்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றுக்குச் சராசரி போட்ட எண். கரையில் நின்று பழகிய ஒருவர் கண்ணளவில் சொல்லும் உயரத்துக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் சில மணி நேரம் காத்திருந்தால் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஒற்றை அலை வரவும் வாய்ப்பு உண்டு.

2. அது பொதுவாக ஆழ்கடலுக்கான உயரம். கரைக்கு வந்து உடையும்போது இருக்கும் உயரம் வேறு.

3. பல ஆப்களில் முதலில் தெரிவது கூட்டு உயரம். தூரத்திலிருந்து வரும் அலை 1 மீட்டர், உள்ளூர்க் காற்று எழுப்பிய அலை 1 மீட்டர் என்றால் கூட்டு உயரம் 2 மீட்டர் ஆகாது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், 1.4 மீட்டர்தான் வரும். சுத்தமான 1.4 மீட்டர் அலை வேறு, இப்படிக் கலந்து வந்த 1.4 மீட்டர் வேறு. நல்ல ஆப்களில் இரண்டையும் தனித்தனி வரியாகப் பார்க்கலாம். அந்த வரிகளைத் திறந்து பார்க்காமல் கிளம்பினால் அந்த நாள் லாட்டரிதான்.

காற்றலையும் ஸ்வெல்லும்

கடல் அலைக்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். எங்கே வீசிய காற்று என்பதில்தான் வித்தியாசம். இங்கேயே, இப்போதே வீசும் காற்று எழுப்புவது காற்றலை. அது குட்டையாக, நெருக்கமாக, முன்பின் ஒழுங்கில்லாமல் வரும். எங்கோ ஒரு புயலில் பிறந்து, அந்தக் காற்றை விட்டு வெளியேறி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வருவதை சர்ஃபர்கள் ஸ்வெல் என்கிறார்கள். ஓடி வரும் வழியில் சில்லறை அலைகள் எல்லாம் அடங்கி, நீளமானவை மட்டும் வரிசை கட்டிக்கொள்ளும்.

நம் கரைக்கு வரும் சிறந்த ஸ்வெல்லின் பிறப்பிடம் தென் இந்தியப் பெருங்கடல். தென் அட்சம் 40 டிகிரிக்குக் கீழே, அண்டார்டிகாவைச் சுற்றி வருடம் முழுக்கப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். 45 டிகிரி தெற்கில் ஒரு புயல் என்று வைத்துக்கொண்டால், 8 டிகிரி வடக்கில் இருக்கும் குமரிக் கரை அங்கிருந்து சுமார் 5,900 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் அலை வருவதற்குள் இங்கே காற்றே இல்லாத வெயில் நாளாக இருக்கலாம். கள்ளக்கடலின் முழுக் கதையும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பீரியட்: எல்லாவற்றையும் மாற்றும் எண்

ஓர் அலையின் உச்சி ஒரு புள்ளியைக் கடந்து, அடுத்த அலையின் உச்சி அதே புள்ளிக்கு வர எத்தனை விநாடி ஆகிறதோ அதுதான் பீரியட். 7 விநாடி, 12 விநாடி, 18 விநாடி என்று உயரத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இந்த ஒரு எண்ணிலிருந்து ஐந்து விஷயங்களைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம்.

1. நீளம். பீரியடை அதே எண்ணால் பெருக்கி, அதை 1.56ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் உள்ள தூரம் மீட்டரில் வரும். 8 விநாடி அலைக்கு 100 மீட்டர். 18 விநாடி அலைக்கு 505 மீட்டர். பீரியட் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியதற்கு நீளம் ஐந்து மடங்கு.

2. வேகம். அலைக்கூட்டம் நகரும் வேகத்துக்கு பீரியடை 2.8ஆல் பெருக்கினால் போதும், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 18 விநாடி ஸ்வெல் மணிக்கு 50 கிலோமீட்டர், 14 விநாடி ஸ்வெல் 39, 8 விநாடி அலை 22. மேலே சொன்ன 5,900 கிலோமீட்டரை 18 விநாடி ஸ்வெல் ஏறத்தாழ ஐந்து நாளில் கடக்கும். அதே புயலில் பிறந்த 14 விநாடி ஸ்வெல்லுக்கு ஆறு நாளுக்கு மேல் ஆகும்.

3. ஆழம். அலை தன் நீளத்தில் பாதி ஆழம் வரைதான் தண்ணீரை அசைக்கும். 8 விநாடி அலை 50 மீட்டர் ஆழத்துக்குள் வந்த பிறகுதான் தரையை உணரும். 18 விநாடி அலைக்கு 250 மீட்டர் ஆழத்திலேயே தரை தட்டுப்படத் தொடங்கிவிடும். கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளத்துக்குப் பேர்போன வாட்ஜ் பேங்க் கடலடி மேடு இருக்கிறதே, அதெல்லாம் நீள அலைக்கு வழியில் வரும் வளைவுதான். அங்கிருந்தே அது திரும்பத் தொடங்கும்.

4. சக்தி. உயரத்தின் வர்க்கத்தை பீரியடால் பெருக்கிப் பாதியாக்கினால், ஒரு மீட்டர் அகல அலைமுகப்பு சுமக்கும் சக்தி கிலோவாட்டில் ஏறத்தாழக் கிடைக்கும். 1 மீட்டர், 8 விநாடிக்கு 4 கிலோவாட். 1 மீட்டர், 16 விநாடிக்கு 8.

5. உடையும் உயரம். ஆழம் குறையும்போது அலை வேகம் இழந்து, நீளம் சுருங்கி, உயரம் கூடும். நீளமான அலைக்கு இந்த உயர்வு அதிகம். கரைக்கு நேராக வரும் 1 மீட்டர், 8 விநாடி அலை சுமார் 1.4 மீட்டரில் உடையும். அதே 1 மீட்டர் 16 விநாடி என்றால் சுமார் 1.9 மீட்டர்.

ஆகவே பீரியட் இல்லாமல் "1.2 மீட்டர்" என்று சொல்வது பாதி முகவரி சொல்வது மாதிரி. 6 விநாடியில் 1.2 மீட்டர் என்றால் காற்றலை, போர்டில் படுத்துக் கை வலிக்கத் துழாவியதுதான் மிச்சம். 11, 12 விநாடியில் 1.2 மீட்டர் என்றால் பழகியவருக்கு நல்ல நாள். 17 விநாடியில் 1.2 மீட்டர் என்றால் புதியவர் கரையை விட்டு இறங்கக்கூடாத நாள்.

இரண்டாவது கணக்கிலிருந்து இன்னொரு பயனும் உண்டு. நீளமானவை வேகமாக ஓடுவதால் ஒரு தூரத்துப் புயலின் ஸ்வெல் ஒரே நேரத்தில் வந்து சேராது. முதல் நாள் ஆப்பில் 0.4 மீட்டர், 19 விநாடி என்று யாரும் கவனிக்காத ஒரு சின்ன வரி முளைக்கும். அடுத்த நாள் 17 விநாடிக்கு இறங்கி உயரம் ஏறும். அதற்கு அடுத்த நாள் 15. பீரியட் இறங்க இறங்க உயரம் ஏறி, பிறகு இரண்டும் அடங்கும். இந்தப் படிக்கட்டு தெரிந்தால், அது உள்ளூர்க் காற்றின் வேலை இல்லை, தெற்கிலிருந்து வரும் விருந்தாளி என்று உறுதியாகச் சொல்லலாம். அந்த முதல் வரியைப் பார்க்கப் பழகிக்கொண்டவர்களுக்கு ஒரு நாள் முன்னாலேயே விஷயம் தெரிந்துவிடும்.

கள்ளக்கடலும் இதே கணக்குதான்

முன்னறிவிப்பில்லாமல், காற்றும் மழையும் இல்லாத நாளில் திருட்டுத்தனமாகக் கரையேறும் கடலைத்தான் இந்தக் கரையின் மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். 2020இல் இன்காய்ஸ் இதற்கெனத் தனி முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது. இப்போது நாம் செய்திகளில் பார்க்கும் எச்சரிக்கைகள் அதன் வழியில் வருபவை.

ஒன்றரை மீட்டர் ஏன் பயமுறுத்துகிறது என்பதற்கு வருவோம். உடைந்த அலை மணலில் எவ்வளவு மேலே ஏறும் என்பது இரண்டைப் பொறுத்தது: கரையின் சரிவு ஒன்று, ஆழ்கடலில் அலையின் உயரத்தையும் நீளத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் இன்னொன்று. ஒரே கரைக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆடி மாதக் கடல், 3 மீட்டர், 9 விநாடி: நீளம் 126 மீட்டர். பெருக்கினால் 378. மூலம் 19க்குச் சற்று மேல்.

கள்ளக்கடல், 1.2 மீட்டர், 18 விநாடி: நீளம் 505 மீட்டர். பெருக்கினால் 606. மூலம் 24க்கு மேல்.

உயரத்தில் பாதிகூட இல்லாத அலை, மணலில் அதிக உயரம் ஏறுகிறது. மொத்தச் சக்தியில் ஆடிக் கடல்தான் பெரியது, அதில் சந்தேகமில்லை. அதனால்தான் அது வள்ளத்தைக் கவிழ்க்கும், கரையை அரிக்கும். ஆனால் வீட்டு வாசலுக்குத் தண்ணீரைக் கொண்டுவருவதில் நீள அலையை மிஞ்ச முடியாது. அலைகள் செட் செட்டாக, அதாவது சில பெரிய அலைகள் ஒரு கூட்டமாகவும் பிறகு ஓர் இடைவெளியுமாக வருவதால் கரையோரத்தில் நீர்மட்டமே மெதுவாக ஏறி இறங்கும். ஒரு கட்டத்தில் கடல் உள்வாங்கினாற்போல இருக்கும், அடுத்த செட்டில் தெருவுக்குள் பாயும்.

2024 மார்ச் 31 அன்று நடந்தது இதுதான். அன்று ஈஸ்டர் ஞாயிறு. திருவனந்தபுரத்தின் பூந்துறை, எல்லையில் நம் கொல்லங்கோட்டை ஒட்டிக் கிடக்கும் பொழியூர் என்று பல ஊர்களில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த மாதமே மீண்டும் எச்சரிக்கை. மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. வெயில் அடிக்கும் விடுமுறைக் காலம், காற்று இல்லை, கடல் நீலமாக இருக்கிறது, பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஊருக்குப் புதியவர் இறங்குவதற்கு வேறென்ன வேண்டும்? ஆடியில் கடலின் தோற்றமே ஆளை விரட்டிவிடும். சித்திரையில் அது விரட்டாது.

திசை: தெற்கே ஒரு வாசல்

அலையின் திசை என்றால் அது எங்கிருந்து வருகிறது என்பது. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 டிகிரி. சில ஆப்களில் அம்புக்குறி போகும் திசையைக் காட்டும், பக்கத்தில் உள்ள எண் வரும் திசையைச் சொல்லும். அம்பை விட்டுவிட்டு எண்ணைப் பார்ப்பது நல்லது.

கன்னியாகுமரியிலிருந்து கோவளம் வரை வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் அது வடமேற்காக ஓடும். அதற்குச் செங்குத்தாகக் கடலைப் பார்த்தால் கண் போவது ஏறக்குறைய 210 டிகிரிக்கு, அதாவது தெற்குக்கும் தென்மேற்குக்கும் நடுவே. வர்க்கலை இன்னும் கொஞ்சம் மேற்கு பார்த்தது. தென்கடல் ஸ்வெல்லும் பெரும்பாலும் 190 முதல் 210 டிகிரியிலிருந்து வருவதால் நம் கரைக்கு அது நேர்முகமாக வருகிறது.

வழியில் மறைப்பும் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கை இலங்கை அடைத்துக்கொள்கிறது. அதன் தென்முனை ஏறத்தாழ 125 டிகிரியில் இருக்கிறது. மறுபக்கம் மாலத்தீவின் தென்கோடி அட்டு பவளத்தீவு ஏறத்தாழ 207 டிகிரியில். இரண்டுக்கும் நடுவே திறந்த வாசல். 207ஐத் தாண்டி மேற்காகச் சாய்ந்து வரும் ஸ்வெல் மாலத்தீவின் சங்கிலியில் மோதி, இடைவெளிகளில் நுழைந்து பலம் குறைந்துதான் வரும். எனவே 1.3 மீட்டர், 14 விநாடி, 195 டிகிரி என்பதும் அதே எண்கள் 225 டிகிரியில் என்பதும் ஒன்றில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: தேடல் பெட்டியில் கோவளம் என்று அடித்தால் மூன்று கோவளம் வரலாம். சென்னைக்குத் தெற்கே சர்ஃபிங்குக்குப் பெயர் பெற்றது ஒன்று, கன்னியாகுமரிக்குப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்று, திருவனந்தபுரத்துக் கோவளம் ஒன்று. சென்னைக் கோவளம் கிழக்கு பார்த்தது. அங்கே அலையைச் செதுக்கிக் கொடுக்கும் மேற்குக் காற்று, நம் பக்கத்தில் அலையைக் குலைக்கும். தவறான ஊரைப் பார்த்துவிட்டு ஆப்பைத் திட்டுகிறவர்கள் எக்கச்சக்கம்.

காற்று: நேரம்தான் எல்லாம்

ஸ்வெல் என்ன கொண்டுவருகிறது என்பது ஐந்து நாள் முன்பே தெரியும். அதைச் சவாரி செய்ய முடியுமா என்பதை அன்று காலைக் காற்றுதான் முடிவு செய்கிறது. நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும் காற்று, உடையப்போகும் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும். அலை நிமிர்ந்து நின்று, ஒரு பக்கமாக வரிசையாக உடையும். இதுதான் ஆஃப்ஷோர். கடலிலிருந்து கரைக்கு வீசினால் ஆன்ஷோர், அலையின் முதுகில் தள்ளி முன்கூட்டியே கவிழ்த்துவிடும். நம் கரை 210 டிகிரி பார்ப்பதால் வடக்கு, வடகிழக்குக் காற்று ஆஃப்ஷோர். தெற்கு, தென்மேற்கு ஆன்ஷோர். மேற்கிலிருந்து வீசும் கச்சான் பக்கவாட்டில் கடலைச் சுருக்கம் விழச் செய்யும்.

வேகத்துக்கு ஓர் அளவு: மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் எந்தத் திசையானாலும் பெரிய கெடுதல் இல்லை. 20ஐத் தாண்டிய ஆன்ஷோர் என்றால் வீட்டிலேயே இருக்கலாம். நாட் என்று போட்டிருந்தால் 1.85ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆஃப்ஷோர் 30ஐத் தாண்டினாலும் ஆபத்துதான், போர்டோடு ஆளையும் வெளிக்கடலுக்குத் தள்ளும்.

ஒரே நாளுக்குள் காற்று எப்படி மாறுகிறது என்பது இந்தக் கரையில் தெளிவாகத் தெரியும். மலை பக்கத்திலேயே இருக்கிறது. இரவில் மலைச்சரிவும் நிலமும் குளிர்ந்து, விடியற்காலையில் கரைக்காற்று கடலை நோக்கி இறங்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று நின்று, பிற்பகலில் கடற்காற்றாகத் திரும்பும். மழைக்காலம் அல்லாத நாள்களில் விடிந்ததிலிருந்து ஒன்பது, பத்து மணி வரைதான் நல்ல நேரம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

பருவத்தைப் பொறுத்தவரை:

1. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அலை பெரிது, பீரியட் குறைவு, காற்று மேற்கிலிருந்து ஓயாமல். பழகுகிறவர்களுக்கான காலம் இல்லை.

2. அக்டோபர், நவம்பரில் கடல் அடங்கும், ஆனால் இடிமழையும் குறைந்த காற்றழுத்தமும் வந்து போகும்.

3. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று. மலை மறைவில் கரை அமைதியாக இருக்கும், அலை சிறிது, கற்றுக்கொள்ள நல்லது. ஒரே விதிவிலக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால், கணவாய்க்கு நேரே உள்ள கரையில் காற்று மற்ற இடங்களைவிட வலுவாக இருக்கும். குமரிக்கடலில் பலத்த காற்று என்று அந்த மாதங்களில் வானிலை மையம் மீனவர்களை எச்சரிப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. மார்ச் முதல் மே வரை தென் ஸ்வெல்லும் அமைதியான காலையும் சேர்ந்து வரும். சர்ஃபருக்கு இதுதான் அறுவடைக் காலம், கள்ளக்கடல் எச்சரிக்கை குவியும் காலமும் இதுவே. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் இதில் முரண் எதுவும் இல்லை.

கடைசி நூறு மீட்டர்

அலை தன் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். 1.5 மீட்டர் அலை சுமார் 2 மீட்டர் ஆழத்தில். அந்த ஆழம் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பதை எந்த ஆப்பும் சொல்லாது.

முட்டம் மாதிரி பாறை முனைகளில் அலை வளைந்து வந்து குவியும். முனைக்குப் பக்கத்தில் உள்ள வளைவில் அதே நேரம் அலை சிறியதாக இருக்கும். மணற்கரைகளில் கதை வருடத்துக்கு இரண்டு முறை மாறுகிறது: ஆனி, ஆடிக் கடல் கரை மணலை அள்ளிக்கொண்டு போய்க் கொஞ்சம் உள்ளே திட்டாகப் போடும், பருவமழை ஓய்ந்ததும் மெல்ல மெல்லத் திருப்பித் தரும். போன பிப்ரவரியில் அழகாக உடைந்த இடத்தில் இந்த அக்டோபரில் அலை கரையோரத்தில் ஒரேயடியாகக் குப்புற விழலாம். பூவாறு, தேங்காய்ப்பட்டணம் போன்ற, ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களில் ஆற்று நீர் திறந்தால் மணல் திட்டு ஒரே வாரத்தில் உருமாறிவிடும். அங்கே ஆற்று ஓட்டமும் அலையும் எதிரெதிராக மோதுவதால் பொழியில் இறங்கவே கூடாது.

மனிதன் கட்டியதும் உண்டு. குமரிக் கரையில் ஊருக்கு ஊர் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு, விழிஞ்ஞத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைத்தடுப்புச் சுவர். தூண்டில் வளைவின் ஒரு பக்கம் மணல் சேர்ந்து அலை சீராகும், மறுபக்கம் பள்ளமாகும். கல்லை ஒட்டியே தண்ணீர் கடலுக்குத் திரும்பும் ஓட்டம் உருவாகும். ரிப் என்பது இதுதான். திறந்த மணற்கரையிலும் இதை அடையாளம் காணலாம்: இரு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்க, நடுவே ஒரு துண்டு மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, மேற்பரப்பு சலசலவென்று தெரியும். புதியவர்கள் அமைதியான இடம் என்று நினைத்து இறங்குவது சரியாக அங்கேதான்.

ஓதத்தைப் பற்றி இரண்டு வரி போதும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் திட்டின் மேல் இரண்டு மீட்டர்தான் தண்ணீர் என்றால் அரை மீட்டர்கூடக் கணக்கில் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் தாழ்ந்து விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்பட்டது என்று செய்தி வரும் நாள்களில் வித்தியாசம் அதிகமாக இருக்கும். கள்ளக்கடல் அப்படிப்பட்ட நாளின் உயர் ஓதத்தோடு சேர்ந்தால் தண்ணீர் இன்னும் மேலே ஏறும்.

ஆப் எங்கே சறுக்கும்?

உலகக் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றைக் கணித்து, அந்தக் காற்றை அலை மாடலுக்குக் கொடுத்துத்தான் இந்த எண்கள் பிறக்கின்றன. காற்றுக் கணிப்பில் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடலுக்குக் கட்டம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர், ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலுக்கு 9 கிலோமீட்டர். முட்டமும் குளச்சலும் சில நேரம் ஒரே கட்டத்துக்குள்ளோ பக்கத்துக் கட்டத்திலோ விழும். பாறை முனை, தூண்டில் வளைவு, காலை இரண்டு மணி நேரக் கரைக்காற்று எல்லாம் அந்தச் சல்லடையில் தங்காது.

எதை எவ்வளவு நம்பலாம் என்பதும் ஒரே மாதிரி இல்லை. தூர ஸ்வெல்லின் பீரியடும் திசையும் நாலைந்து நாள் முன்பே நம்பகமாக இருக்கும், ஏனென்றால் புயல் ஏற்கெனவே நடந்து முடிந்து அலை வழியில் இருக்கிறது. வந்து சேரும் நேரம் அரை நாள் முன்பின் ஆகலாம். உள்ளூர்க் காற்று இரண்டு நாளுக்கு மேல் ஊகம்தான். பக்கத்திலேயே முளைத்து வளரும் புயலுக்கு அவகாசமே கிடைக்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி ஒரே நாளில் புயலாக மாறி இந்தக் கரையைத் தாண்டிப் போனது இதற்கு உதாரணம்.

படிக்கும் வரிசை

1. முதலில் இன்காய்ஸ் எச்சரிக்கை. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்றால் குமரி மாவட்டம், காப்பில் முதல் பொழியூர் வரை என்றால் திருவனந்தபுரம் மாவட்டம். எச்சரிக்கை நடப்பில் இருந்தால் மீதியைப் படிக்கத் தேவையில்லை.

2. கூட்டு உயரத்தை விட்டுவிட்டு ஸ்வெல் வரியைத் திறந்து, பீரியடை முதலிலும் உயரத்தை அடுத்தும் பார்ப்பது.

3. ஸ்வெல்லின் திசை. 180 முதல் 207 வரை நேர்வழி.

4. காலை 6 முதல் 10 வரை காற்று. சில வரைபடங்களில் நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். 00 என்றால் நமக்குக் காலை 5.30, 03 என்றால் 8.30.

5. கரைக்குப் போனபின் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து செட் பார்ப்பது. எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, பெரிய செட்டுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி. அந்தக் கரையில் கரமடி வலை இழுக்கிறவர்களோ வள்ளம் இறக்குகிறவர்களோ இருந்தால், நேற்று மணல் எங்கே இருந்தது என்று அவர்களைக் கேட்டால் எந்த ஆப்பும் தராத பதில் கிடைக்கும்.

மூன்று மாதிரி நாள்களை வைத்துப் பார்ப்போம்.

ஏப்ரல் காலை: ஸ்வெல் 0.9 மீட்டர், 12 விநாடி, 200 டிகிரி, வடகிழக்குக் காற்று மணிக்கு 6 கிலோமீட்டர். கரையில் ஒன்றரை மீட்டர் அளவில் சுத்தமாக உடையும். ஓரளவு பழகியவருக்கு நல்ல நாள், புதியவர் உடைந்த நுரையலையில் கரையோரம் பயிற்சி எடுக்கலாம்.

ஜூலை காலை: 2.6 மீட்டர், 9 விநாடி, 240 டிகிரி, மேற்குக் காற்று 30 கிலோமீட்டர். எண் பெரிது, உபயோகம் இல்லை. மூன்று மீட்டருக்கு மேல் உடைந்து கரை முழுக்க நுரையாகக் கிடக்கும்.

மே முதல் வாரம்: 1.1 மீட்டர், 18 விநாடி, 198 டிகிரி, காற்று சுத்தமாக இல்லை. இந்த மூன்று நாள்களில் ஆப்பில் மிக அழகாகத் தெரியும் நாள் இதுதான், சிலவற்றில் நட்சத்திரமும் கூடுதலாகக் கிடைக்கும். ஆழ்கடலில் 1.1 மீட்டராக இருப்பது கரையில் இரண்டு மீட்டரைத் தாண்டி உடையும், செட்டுக்கு நடுவே நீண்ட அமைதி இருக்கும், இன்காய்ஸ் பக்கத்தில் பெரும்பாலும் அன்று எச்சரிக்கை நிறம் ஏறியிருக்கும். நட்சத்திரம் போடும் ஆப் அலையின் தரத்துக்கு மதிப்பெண் போடுகிறதே தவிர, அதில் இறங்குகிறவரின் அனுபவத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.